பெருமாள் அண்ணனுக்கு ரத்தம் ஏறிய கதை

முதலில் என் முட்டாள்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் அதைத் தோண்டி எடுத்துச் சிரிக்க வேண்டியிருக்காது. மருத்துவமனை லேபில் இருபது வருஷம் ரத்தத்தை எண்ணியே சம்பளம் வாங்கியிருந்த நான், ஒரு மனிதருக்கு ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஐந்து கிராம் ரத்தம் ஏறியதற்குக் காரணம் முருங்கைக்கீரை சூப்தான் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் நானும் குடித்தேன். லேபில் எல்லோரையும் குடிக்கச் சொன்னேன். பத்து காஜா ஊரில் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு முருங்கைக் கொம்பு வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் நட்டேன். சூப்புக்கு முன் என்னுடைய ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், பதினான்கு புள்ளி ஒன்று. தினமும் விடாமல் குடித்த பிறகு பதினான்கு. அந்த மரம் மட்டும் இன்று கூரையைத் தாண்டி நிற்கிறது.

இதை எழுதச் சொன்னது லேபில் என் ஜூனியர் கவிதா. ஓய்வு பெறும் முன் என் கடைசி வாரத்தில் அலமாரியைக் காலி செய்யும்போது, ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வரிசையாகக் கண்ணாடி ஸ்லைடுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பச்சைப் புள்ளி.

"அண்ணே, இது என்ன? வீசிடலாமா?"

"அத வீசினா நானே குப்பைத் தொட்டியில எறங்கி எடுப்பேன்லா."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

சொன்னேன். சிரித்தாள். பிறகு, "இத எழுதி வைங்கண்ணே, புதுசா வாரவங்க படிக்கட்டும்" என்றாள். மற்ற விஷயங்களில் நான் பேசினால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் பெண் அவள். அதனால் எழுதுகிறேன்.

கவிதாவின் தலைமுறைக்கு அந்தப் பச்சைப் புள்ளி தெரிய வாய்ப்பில்லை. இப்போது கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் சி கிருமி வந்தால் சில மாதம் மாத்திரை. அநேகம் பேருக்கு ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள், கிருமி போய்விடுகிறது. நான் சொல்லும் காலத்தில் வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, ஏறக்குறைய ஒரு வருஷம். கிருமியை விரட்ட வந்த இந்த இரண்டு மருந்தும் ரத்தத்தையும் ஒரு கை பார்க்கும். மாத்திரை இருக்கிற சிவப்பணுக்களை உடைக்கும். ஊசி, புது ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜையைத் தூங்க வைக்கும். வீட்டில் இருக்கும் சாமானை ஒருத்தன் உடைத்துக்கொண்டே இருக்க, இன்னொருத்தன் கடையைப் பூட்டிவிட்டுப் போன மாதிரி. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றும் சரியும். எவ்வளவு சரிகிறது என்று எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. நாங்கள் சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார்.

நான் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். படித்து, கோலாலம்பூரில் லேப் பயிற்சிக்குப் போனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்த என் கண்ணிமை மயிரையே ஏதோ புழு என்று நினைத்து அழகாக வரைந்து, பெயரும் எழுதிக் கொடுத்தேன். எப்படியோ பாஸ் ஆனேன். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ரத்தப் பிரிவில் போட்டார்கள். அங்கே காதர் சார் இருந்தார்.

காதர் சார் ஒல்லியான மனிதர். குரல் அதைவிட ஒல்லி. அவர் கோபப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. தப்பு செய்தால் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை பேச மாட்டார். அந்த நேரத்தில் நாமே எல்லாத் தப்பையும், அவருக்குத் தெரியாத இரண்டையும் சேர்த்து, சொல்லி முடித்திருப்போம். அவர் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீ பாத்தியா, மெசின் பாத்துச்சா?"

பச்சைப் புள்ளி அவருடைய ஏற்பாடு. இந்த இரண்டு மருந்தும் எடுப்பவர்களின் சீட்டிலும் ஸ்லைடிலும் ஒரு பச்சைப் புள்ளி வைப்பார். மெஷின் என்ன எண் கொடுத்தாலும், அந்த ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு நோட்டில் கையெழுத்து. அப்புறம்தான் ரிசல்ட் வெளியே போகும். ஸ்லைடு பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

ரத்தம் எடுக்கும் அறைக்கும் அவருக்கு ஒரு விதி இருந்தது. "பேர நீ சொல்லாத. அவங்கள சொல்லச் சொல்லு." நாம் ஒரு பெயரைச் சொன்னால், களைத்துப்போன நோயாளி எதற்கும் தலையாட்டுவார். அவர் வாயால் பெயர் வர வேண்டும், அடையாள அட்டை எண் வர வேண்டும். இந்த விதியை நான் புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மனப்பாடம். பிறகு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

பெருமாள் அண்ணன் சிம்பாங் பூலாய்க்காரர். ஐம்பது வயது இருக்கும். கேமரனிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் லாரியின் டிரைவர். அவர் தம்பி சேகர் அதே லாரியில் கெலிண்டான், அதாவது மூட்டை ஏற்றி இறக்கும் உதவியாள். பெருமாள் அண்ணனுக்கு இருபது வயதில் ஒரு விபத்து நடந்து, நிறைய ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்தக் கிருமியைச் சோதிக்க வழியே கிடையாது. பிழைத்தார். கிருமியும் அவரோடு சேர்ந்து பிழைத்தது. கல்லீரல் கெட ஆரம்பித்த பிறகுதான் தெரிய வந்தது.

மருந்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்து, ஒரு வழியாக அவருக்கு முறை வந்தது. விலை கூடிய மருந்து. இதை நடுவில் விட்டால் இன்னொரு தடவை கிடைக்காது என்று அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் ரத்தம் கொடுக்க வரும்போது என்னிடம் அதையேதான் சொல்வார்.

"தம்பி, ஒரு சான்ஸ்தான்லா. இத முடிச்சிட்டேன்னா நான் பொழச்சேன்."

"முடிப்பீங்கண்ணே. உங்க லாரிய விட உங்க இஞ்சின் நல்லாருக்கு."

நான் இப்படித்தான். ஊசியைப் பார்த்தால் பயப்படுகிறவர்களைப் பேச்சால் மறக்க வைப்பது என் திறமை என்று எனக்கு ஒரு நினைப்பு. கிளினிக் நாட்களில் ரத்தம் எடுக்க லேபிலிருந்து எங்களில் ஒருவர் போவார். பாலா வந்தால் ரத்தம் எடுத்ததே தெரியாது என்று என்னைப் பற்றிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் தலைக்கனம்.

மருந்து ஆரம்பித்து இருபதாவது வாரம் அவருடைய ரத்த அளவு ஒன்பது புள்ளி ஒன்றுக்கு வந்தது. ஆரம்பத்தில் பதினான்குக்கு மேல் இருந்தவர். வெள்ளையணு இரண்டாயிரத்துச் சொச்சம். தட்டணு எண்பத்திரண்டாயிரம். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். "இன்னும் எறங்கி எட்டரைக்குக் கீழ போனா மாத்திரைய நிறுத்த வேண்டி வரும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது தலையில் தொப்பி, முகத்தில் மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க். வெள்ளையணு குறைந்தவர்கள் மாஸ்க் போட வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"வாங்க வாங்க பெருமாள் அண்ணே!" என்றேன். பெயரை நானே சொல்லிவிட்டேன். "நம்பர் அதேதான? மாத்திட்டீங்களா?" என்று சிரித்தபடி அவர் நீட்டிய அட்டையிலிருந்து நானே எண்ணைப் படித்தேன்.

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பேச முடியவில்லை என்று சைகை.

"தொண்ட கட்டிருச்சா? பேசாதீங்கண்ணே, நான் பேசுறேன்."

பேசினேன். அவர் கையை நீட்டினார். பல மாதமாகக் குத்திக் குத்திச் சுருங்கிப்போன அந்த நரம்பைத் தேடப் போனால், விரல் வைத்ததும் கயிறு மாதிரி எழும்பியது. ஒரே குத்து. குழாய் மளமளவென்று நிறைந்தது.

"அண்ணே, நரம்பெல்லாம் புதுசு மாத்திட்டீங்க போலருக்கே!"

அவர் மாஸ்க்குக்குள் ஏதோ முனகினார். நான் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் மெஷினில் போட்டேன். பதின்மூன்று புள்ளி ஒன்பது. வெள்ளையணு ஒன்பதாயிரம். தட்டணு இரண்டு லட்சத்து அறுபதாயிரம். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. டெல்டா செக் என்போம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால், மெஷின் நம்மைக் கூப்பிட்டு, ஆளைச் சரி பார் என்று சொல்லும். அப்போது செய்ய வேண்டியது என்ன? மறுபடி ஓட்ட வேண்டும். லேபிளைப் பார்க்க வேண்டும். ஸ்லைடைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும்.

மறுபடி ஓட்டினேன். அதே எண். லேபிளைப் பார்த்தேன். பெருமாள், என் கையெழுத்து. நானே எடுத்த ரத்தம், அதில் என்ன சந்தேகம்? உடனே அவர் வீட்டுக்கு போன் அடித்தேன்.

"அண்ணே! பதினாலு கிட்ட வந்திருக்குண்ணே! என்ன சாப்புடுறீங்க? உண்மைய சொல்லுங்க."

காலையில் தொண்டை கட்டியிருந்தவர் மத்தியானம் போனில் நன்றாகவே பேசினார். தொண்டை சரியாகிவிட்டதா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அது... முருங்கக்கீரை சூப்புலா தம்பி. தினம் காலையில. பேரிச்சம்பழமும்."

"சூப்பர்ண்ணே!"

போனை வைத்தேன். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு ரிசல்ட்டை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். ஸ்லைடு சாயம் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. நல்லா இருக்கிற ரத்தத்தில் பார்க்க என்ன இருக்கிறது? பார்க்காமலே, பார்த்ததாக நோட்டில் கையெழுத்துப் போட்டேன். இந்த வரியை எழுதும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கிளினிக் டாக்டர் சந்தேகப்பட்டார். லேபுக்கு போன் செய்து, "நிச்சயம்தானா?" என்று கேட்டார். "என் கையாலதான் எடுத்தேன் டாக்டர்" என்றேன். அடுத்த வாரமும் பார்ப்போம் என்றார். அடுத்த வாரமும் தொப்பி, மாஸ்க், கயிறு மாதிரி நரம்பு, பதினான்கு. அதை நம்பி டாக்டர் அவரிடம் போனிலேயே சொல்லி மாத்திரையைப் பழையபடி முழு அளவுக்கு ஏற்றினார்.

மூன்றாவது வாரம், சாயங்காலம் அசர் தொழுகை முடித்து வந்த காதர் சார் பிஸ்கட் டின்னைத் திறந்தார். அப்படி அவ்வப்போது ஸ்லைடுகளைப் பின்னோக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். நான் அந்தப் பக்கம் முருங்கைக்கீரையின் இரும்புச் சத்து பற்றி ஒரு நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கைக்குட்டை வெளியே வந்தது. நான் கீரைப் பேச்சைப் பாதியில் விட்டேன்.

"பாலா. இங்க வா. இந்த ஸ்லைட பாரு."

பார்த்தேன். இருபதாவது வாரத்து ஸ்லைடு. வெள்ளையணுக்கள் அங்கொன்று இங்கொன்று. சிவப்பணுக்களுக்கு நடுவே நீலச் சாயல் ஏறிய பெரிய அணுக்கள். உடைந்ததை ஈடுகட்ட அவசரமாக வெளியே அனுப்பப்பட்ட இளசுகள் அவை.

"இப்ப இத பாரு."

அந்த வாரத்து ஸ்லைடு. ஒரே சீரான சிவப்பணுக்கள். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக. வெள்ளையணுக்களில் ஆரஞ்சு நிற மணிகள் நிறைந்தவை ஏராளம்.

"அந்த ஆரஞ்சு என்ன?"

"இயோசினோஃபில் சார்."

"எப்ப இவ்ளோ வரும்?"

"அலர்ஜி... இல்லாட்டி வயித்துல பூச்சி."

"மூணு வாரமா இந்த ஆளுக்கு வயித்துல பூச்சி இருக்கு. அதுக்கு முந்தி இருவது வாரமும் இல்ல. சரி, முருங்கக்கீரை ரத்தம் ஏத்துச்சுன்னே வச்சுக்குவோம். பூச்சியுமா வளத்துச்சு?"

அவர் குளிர்பெட்டியிலிருந்து அன்றைய குழாயை எடுத்து வரச் சொன்னார். வெள்ளைப் பீங்கான் தட்டை என் முன்னால் வைத்தார். "நீயே செய்யி."

ரத்த குரூப் பார்க்கும் சோதனை. ரத்தத்தில் மூன்று சொட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து. குச்சியால் கலக்கித் தட்டை மெதுவாக ஆட்ட வேண்டும். இதை என் வாழ்க்கையில் எத்தனை தடவை செய்திருப்பேன். அன்றைக்குத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது சொட்டு திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காகப் பிரிந்தது. பி குரூப். பெருமாள் அண்ணனின் பழைய பதிவில் ஓ குரூப் என்று இருந்தது. மனிதனுக்கு நரம்பு எழும்பலாம், எண் ஏறலாம். சூப் குடித்துக் குரூப் மாறாது.

"அவரு தம்பியா இருக்கும் சார்" என்றேன். கயிறு மாதிரி நரம்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூட்டை தூக்குகிறவன் கை.

காதர் சார் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப பெருமாளோட ரத்தம் இந்த மூணு வாரமா எப்படி இருக்கு?"

அது லேபில் யாருக்கும் தெரியாது. முழு அளவு மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, என் கையெழுத்தை நம்பி.

உடனே டாக்டருக்குச் சொன்னார். பெருமாள் அண்ணன் கைப்பேசிக்கு அடித்தோம். மலையில் லைன் இல்லை. வீட்டுக்கு அடித்தோம். "அவங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுத்த கையோட கேமரனுக்கு லோடு ஏத்தப் போயிட்டாங்களே" என்றார் அவர் மனைவி. வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும் அந்தச் சாலை என் கண் முன்னால் வந்தது. காய்கறி நிறைந்த லாரி. ஸ்டியரிங்கில் எந்த நிமிஷமும் கண் இருண்டு போகக்கூடிய மனிதர். அவர் ஒருவர் உயிர் மட்டுமா அந்த ரோட்டில்?

காதர் சாரின் தம்பிக்கு சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை. கேமரன் லாரிகள் இறங்கியதும் தே தாரேக் டீ குடிக்க நிற்கும் இடம். காதர் சார் அங்கே போன் போட்டு, "அந்த லாரி வந்தா நிறுத்தி வைங்க, போக விடாதீங்க" என்று சொன்னார். பிறகு கார் சாவியை எடுத்தார். "வா பாலா." வழி முழுக்க நான் பேசவில்லை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது புதுசு.

கடையில் உட்கார்ந்து மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு லாரி திரும்பும்போதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். கடைசியில் அது வந்தது. மெதுவாக ஓரம் கட்டி நின்றது. கதவு திறந்தது. பெருமாள் அண்ணன் ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இறங்க மூச்சு போதவில்லை. சேகர் அந்தப் பக்கம் இறங்கி ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இறக்கினான். அண்ணன் தம்பியை மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். உயரம் ஒன்று. மற்றபடி ஒரு ஒற்றுமையும் இல்லை.

பெருமாள் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"என்னலா தம்பி... இங்கயும் ஊசி எடுத்துட்டு வந்திட்டியா?"

காதர் சார் அவர் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. காகிதம்.

"அண்ணே, எத்தன நாளா இப்படி மூச்சு வாங்குது?"

"மல எறக்கம் சார், அதான்."

"எறக்கம் லாரிக்கு. உங்களுக்கு இல்ல. மூணு வாரம் யாரு ரத்தம் குடுத்தது?"

சேகர் தலையைக் குனிந்தான். பெருமாள் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவன திட்டாதீங்க சார். நாந்தான் சொன்னேன். எட்டரைக்குக் கீழ போனா மருந்த நிறுத்திருவாங்கன்னு சொன்னாங்க. நிறுத்திட்டா நான் எங்க போவேன்? அப்புறம் ரத்தம் ஏத்தணும்பாங்க. ஒருதடவ ஏத்தினதுலதான் இது வந்துச்சு. இன்னொருதடவயா? அதான் நினைச்சேன்... நம்பர் நல்லாருந்தா போதும்ல?"

நம்பர் நல்லா இருந்தால் போதும். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவருக்கும் எனக்கும் அந்த மூன்று வாரமும் ஒரே நோய்.

லாரி அங்கேயே நின்றது. லாரி தவுக்கே, அதாவது முதலாளி, வேறு டிரைவரை அனுப்பினார். நாங்கள் அவரையும் சேகரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இந்தத் தடவை நான் அவரிடம், "உங்க பேரு சொல்லுங்க" என்று கேட்டேன். "பெருமாள்" என்றார். எண்ணைக் கேட்டேன். சொன்னார். அந்தச் சுருங்கிய நரம்பைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினேன். ஆறு புள்ளி இரண்டு.

டாக்டர் அவர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். மாத்திரையைச் சில நாள் நிறுத்துவது மருந்தையே நிறுத்துவது அல்ல. ரத்தம் தேறியதும் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பிக்கலாம், ஊசி தொடரும். இந்த ஒரு விஷயத்தை அவர் முன்பே கேட்டிருந்தால், அல்லது நாங்கள் யாராவது சொல்லியிருந்தால், தம்பியின் கையை இரவல் வாங்கியிருக்கவே மாட்டார்.

ரத்தம் ஏற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. காதர் சார்தான் பக்கத்தில் நின்று, இப்போது ஒவ்வொரு பையும் என்னென்ன சோதனைக்குப் பிறகு வருகிறது என்று விளக்கினார். "உங்களுக்குப் போற பைய நானே எடுத்து வாரேன். போதுமா?" என்றார்.

அதைக் கேட்ட சேகர் சட்டைக் கையை மடித்தான். "சார், என் ரத்தத்தையே ஏத்துங்க சார்."

"உன் ரத்தத்த மூணு வாரமா பாத்தாச்சுலா. பி குரூப். அண்ணனுக்கு ஆகாது. நீ மொதல்ல பூச்சி மருந்து சாப்புடு."

படுத்திருந்த பெருமாள் அண்ணன் அந்த நிலையிலும் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன் சார், இவன் கைய கழுவாம சாப்புடுவான்னு." பிறகு கையை நீட்டிக் கொடுத்தார். இரண்டு பை ஏறியது.

மறுநாள் காதர் சார் என்னிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். நடந்ததை எழுதச் சொன்னார். நான் சுற்றி வளைத்து ஒரு பக்கம் எழுதினேன். நோயாளி மாஸ்க் அணிந்திருந்தார், அறையில் கூட்டம், இத்யாதி. அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். வேறு தாள் கொடுத்தார். இரண்டாவது தடவை நாலு வரி வந்தது. பேரை நானே சொன்னேன். எச்சரிக்கையைத் தள்ளினேன். ஸ்லைடைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதன் கீழே, இந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டு மேலே அனுப்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் அவர் பெயரும் சேர்ந்து இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பதிலுக்கு பிஸ்கட் டின்னை என் மேஜையில் வைத்தார். "இனி இது உன் பொறுப்பு." அந்த வேலையை அவர் என்னிடமிருந்து பிடுங்கியிருக்கலாம். கொடுத்தார். ஓய்வு பெறும் வரை ஒரு ஸ்லைடைக்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை என்றால் அது அந்த டின்னுக்கு நான் பட்ட கடன்.

பெருமாள் அண்ணன் குறைந்த மாத்திரையோடு மிச்ச வாரங்களை முடித்தார். எண் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நொண்டிக்கொண்டே போனது. அது அவருடைய சொந்த நொண்டல், அதனால் எங்களுக்குத் தைரியம் இருந்தது. லாரியை அந்த மாதங்களில் அவர் தொடவில்லை. தவுக்கே அவரைக் காய்கறிப் பாசாரில் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார். மருந்து முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. அந்தத் தாளை கிளினிக்கிலிருந்து காதர் சார் கேட்டு வாங்கி வந்து என் மைக்ராஸ்கோப்பின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாள் அண்ணன் எங்களை சிம்பாங் பூலாய் கடைக்குக் கூப்பிட்டார். காதர் சார், நான், அண்ணன் தம்பி இருவர், பெருமாள் அண்ணன் மனைவி. மீன் கறியும் சோறும் வந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அதனால் எனக்கு வாய் திரும்பிவிட்டது. முருங்கைக்கீரைக் கதையை நடித்துக் காட்டினேன். "நரம்பெல்லாம் புதுசு மாத்திட்டீங்க" என்று நான் சொன்னதையும் சொன்னேன். அண்ணன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுல முருங்க மரமே இல்ல தம்பி" என்றார். காதர் சாரின் உதடுகூட ஒரு பக்கம் போனது.

சேகர் மட்டும் சிரிக்கவில்லை. தே தாரேக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"பாலாண்ணே, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுலா."

"மொத வாரம் பயத்துல வந்தேன். ரெண்டாவது வாரம் அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாம பாதியில உக்காந்திட்டாரு. அதப் பாத்திட்டுத்தான் வந்தேன். மூணாவது வாரமும் அப்படித்தான். உண்மைய சொல்லிடணும்னுதான் அந்த நாற்காலியில வந்து உக்காந்தேன். நீங்க வாய மூடுனாத்தானே?"